குணமா, கோளாறா? சின்ன விஷயத்திற்கும் கொதித்துப்போகும் மனம்

ஒரே வீடு, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று அப்பா கேட்கிறார். அண்ணன், "சாலையில் நெரிசல் அப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறான். அதே கேள்வியைத் தங்கையிடம் கேட்டால் அறைக் கதவு படாரென்று சாத்தப்படுகிறது. அன்று இரவு அவள் சாப்பிடுவதில்லை. அழுது வீங்கிய கண்களோடு மறுநாள் வேலைக்குப் போகிறாள்.

"அது அவ குணம்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று உறவினர்கள் பேசுகிறார்கள். "ஏதோ திருஷ்டி பட்டிருக்கு" என்று பாட்டி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறார். அந்தப் பெண்ணுக்கோ தனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று தெரிவதில்லை. கோபம் அடங்கிய பிறகு தன்னைத்தானே வெறுத்துக்கொள்கிறாள்.

இதற்கு மனநல மருத்துவம் தரும் விளக்கம் வேறு. அந்த விளக்கம் தெரிந்திருந்தால் எத்தனையோ சண்டைகளைத் தவிர்க்கலாம். சில வீடுகளில் ஓர் உயிரையே காப்பாற்றலாம். அதனால்தான் இந்த வாரம் இந்தப் பொருள் பேசப்படுகிறது.

குணம் எது, கோளாறு எது?

குணம் இல்லாத மனிதர் இல்லை. உளவியல் அறிஞர்கள் மனிதக் குணங்களை ஐந்து பெரிய பிரிவுகளாகப் பார்க்கிறார்கள். புதியவற்றை நாடும் தன்மை, பொறுப்போடு செயல்படும் தன்மை, பிறரோடு கலந்து பழகும் தன்மை, இணங்கிப்போகும் தன்மை, எளிதில் கலங்கிப்போகும் தன்மை ஆகியவையே அந்த ஐந்து. இவை ஐந்தும் எல்லாரிடமும் உண்டு. குழம்பில் உப்பு, புளி, காரம் போல அளவுதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

இந்த ஐந்தில் கடைசியாக உள்ள, எளிதில் கலங்கிப்போகும் தன்மைதான் அன்றாடத் தொல்லைகளோடு அதிகம் தொடர்புடையது. இந்தத் தன்மை கூடுதலாக இருப்பதாலேயே ஒருவரை நோயாளி என்று சொல்லிவிட முடியாது. அவர் சற்று அதிகமாகக் கவலைப்படுவார், சற்று அதிகமாக வருந்துவார், அவ்வளவுதான்.

ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர்கள் கூறுவதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன. அந்தப் போக்கு பதின்ம வயதிலோ வாலிபத்தின் தொடக்கத்திலோ ஆரம்பித்து, ஆண்டுக் கணக்கில் நீடித்திருக்க வேண்டும். வீடு, வேலையிடம், நட்பு என்று பல இடங்களிலும் அது தென்பட வேண்டும். அதனால் அவருக்கோ அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கோ வாழ்க்கை சிக்கலாகியிருக்க வேண்டும். மனைவி இறந்த துக்கத்தில் ஆறு மாதம் சிடுசிடுப்பாக இருப்பவருக்கு ஆளுமைக் கோளாறு என்று யாரும் முத்திரை குத்துவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு பத்து வகை ஆளுமைக் கோளாறுகளைப் பட்டியலிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் வேறு வழியில் போயிருக்கிறது. 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த அதன் 11-வது நோய் வகைப்பாடு, கோளாறு லேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. எந்தக் குணக்கூறு மிகுந்திருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான். குணத்திற்கும் கோளாறுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை, படிப்படியாக ஏறிப்போகும் அளவுதான் இருக்கிறது என்ற கருத்து இதற்கு அடிப்படை.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கணக்கு 2020-ல் வெளியானது. அதன்படி உலக மக்களில் சுமார் 7.8 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு வகை ஆளுமைக் கோளாறு இருக்கிறது. நூறு பேர் கூடியிருக்கும் ஒரு திருமண மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊசி முனைத் தொல்லைகள்

மன உளைச்சல் என்றதும் மரணம், விவாகரத்து, வேலை இழப்பு போன்ற பெரிய அடிகளே நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட அடிகள் எப்போதோ ஒரு முறை விழுபவை. நாள்தோறும் குத்துபவை சின்னத் தொல்லைகள். ஜொகூர் பாலத்தில் இரண்டு மணி நேர நெரிசல், அனுப்பிய குறுந்தகவலுக்குப் பதில் வராதது, கல்யாண வீட்டில் சரியாக வரவேற்காதது, மேலாளர் முகம் கொடுத்துப் பேசாதது என்று இவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம்.

அமெரிக்காவில் நைல் போல்ஜர், எலிசபெத் ஷில்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நுணுக்கமாக அளந்து பார்த்து, 1991-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 339 பேர் ஆறு வாரங்களுக்கு அன்றாடம் தங்களுக்கு என்ன தொல்லை வந்தது, மனம் எப்படி இருந்தது என்று குறித்து வந்தார்கள். எளிதில் கலங்கும் தன்மை மிகுந்தவர்களுக்குச் சின்னச் சின்னத் தொல்லைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வந்தன. ஆனால் அவர்களுடைய வேதனைக்கு அதைவிடப் பெரிய காரணம், வந்த தொல்லையை அவர்களின் மனம் எதிர்கொண்ட விதம். இந்த இரண்டாவது காரணத்தின் பங்கு முதலாவதைப் போல இரு மடங்கு என்று தெரிய வந்தது.

ஆளுமைக் கோளாறு உள்ளவர்களிடமும் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் சிலரது கையில் ஒலி எழுப்பும் கடிகாரத்தைக் கட்டி அனுப்பினார்கள். அது ஆறு நாள்களுக்கு, நாளொன்றுக்குப் பத்து முறை, எதிர்பாராத நேரங்களில் ஒலிக்கும். ஒலித்ததும் அந்த நொடியில் என்ன நடக்கிறது, மனம் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். 2008-ல் வெளியான முடிவின்படி, சிறு தொல்லைகள் வந்த நேரத்தில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ளவர்களின் மனம், சாதாரண மனிதர்களைவிட மட்டுமல்ல, மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்களைவிடவும் அதிகமாகக் கலங்கியது.

"சின்ன விஷயத்திற்குப் பெரிதாக நடிக்கிறாள்" என்ற பேச்சுக்கு இந்த ஆய்வு நல்ல பதில். மேடையில் நடிப்பவருக்குப் பார்க்க ஆள் வேண்டும். கடிகாரம் ஒலித்தபோது இவர்கள் தனியாக உட்கார்ந்து எழுதிய குறிப்புகளிலும் வலி இருந்தது.

ஒரு குறுந்தகவல், ஆறு மனங்கள்

குணக்கூறுகள் எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ள ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அலுவலகத்தில் ஆறு பேருக்கு மேலாளரிடமிருந்து காலையில் ஒரே குறுந்தகவல் வருகிறது: "மாலை 4 மணிக்கு என்னை வந்து பாருங்கள்." வேறு எதுவும் இல்லை.

முதலாமவரிடம் ஐயுறவுப் போக்கு மிகுதி. "யாரோ என்னைப் பற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்" என்று முடிவு கட்டுகிறார். பக்கத்து மேசைக்காரர் தற்செயலாகச் சிரித்ததுகூட அவருக்குச் சாட்சியாகிவிடுகிறது. அவருடைய உணர்ச்சி சந்தேகம் கலந்த கோபம்.

இரண்டாமவர் பிறரைத் தவிர்த்து ஒதுங்கும் போக்கு உள்ளவர். "என் வேலை சரியில்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லப்போகிறார்" என்று கூசிப்போகிறார். மதியம் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

மூன்றாமவர் தன்னை மிக உயர்வாக எண்ணும் போக்கு உள்ளவர். "என்னை வரச் சொல்ல இவர் யார்?" என்று கொதிக்கிறார். வெளியே தெரிவது ஆணவம். உள்ளே இருப்பதோ, தன் மதிப்பு குறைந்துவிடுமோ என்ற நடுக்கம்.

நான்காமவருக்கு எதிலும் ஒழுங்கு, எதிலும் குறைவின்மை வேண்டும். போன மாத அறிக்கையை மூன்று முறை புரட்டிப் பார்க்கிறார். எங்கேயோ ஓர் எண் தவறியிருக்கும் என்ற பதற்றத்தில் அன்றைய வேலை அப்படியே நின்றுபோகிறது.

ஐந்தாமவர் எதற்கும் இன்னொருவரைச் சார்ந்திருப்பவர். கணவருக்கு ஐந்து முறை, அக்காவுக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, "நான் என்ன சொல்லணும், சொல்லு" என்று கேட்கிறார்.

ஆறாமவரிடம் எல்லைக்கோட்டுப் போக்கு. "நேற்றுவரை என்னைப் பாராட்டியவர் இன்று என்னை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்" என்று தோன்றிய மறுகணமே நெஞ்சு படபடக்கிறது. பதினொரு மணிக்குக் கழிப்பறையில் அழுகை, பன்னிரண்டு மணிக்குக் கோபம், ஒரு மணிக்கு ராஜினாமாக் கடிதம்.

நான்கு மணிக்கு மேலாளர் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த மாதம் ஷிஃப்ட் நேரம் மாறுகிறது." அதைக் கேட்பதற்குள் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார், இன்னொருவர் வேலையையே விட்டுவிட்டார்.

நிகழ்ச்சி ஒன்று. அதற்குக் கொடுத்த அர்த்தம் ஆறு. அந்த அர்த்தத்தைப் பின்பற்றியே உணர்ச்சி வருகிறது, உணர்ச்சியைப் பின்பற்றிச் செயல் வருகிறது. இதைப் படிக்கும்போது "இந்த இரண்டாமவர் நான்தான்" என்று சிலருக்குத் தோன்றலாம். பயப்பட வேண்டாம். எல்லாரிடமும் எல்லாமே சிறிதளவு உண்டு. எப்போதோ ஒரு நாள் இப்படி நடப்பது மனித இயல்பு. ஒவ்வொரு நாளும் இப்படியே நடந்து, வேலையும் உறவும் கையை விட்டுப் போகும்போதுதான் உதவி தேவைப்படுகிறது.

சாம்பிராணிப் புகைக்கும் ஒலிக்கும் மணி

பத்து வகைகளில் உணர்ச்சிக் கொந்தளிப்பு மிகத் தெளிவாகத் தெரிவது எல்லைக்கோட்டு வகையில்தான். பெயரே சிலரைக் குழப்பும். 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், சாதாரண மனக்கலக்கத்திற்கும் கடுமையான மனநோய்க்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பவர்கள் என்ற பொருளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்தக் கருத்து பின்னர் மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1980-ல்தான் இது அமெரிக்கக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது.

இவர்களின் உணர்ச்சிக்கு மூன்று இயல்புகள் உண்டு. சட்டென்று பற்றிக்கொள்ளும், மிக உயரத்திற்குப் போகும், அடங்குவதற்கு நெடுநேரம் ஆகும். இந்த மூன்றாவது இயல்பைப் பலரும் கவனிப்பதில்லை. காலையில் ஏறிய கொதிப்பு முழுதாக அடங்குவதற்குள் மதியம் அடுத்த தொல்லை வந்துவிடுகிறது. அடுப்பிலிருந்து இறக்காத பாலைப் போல, இரண்டாவது முறை பொங்குவதற்குக் கொஞ்சம் சூடே போதும்.

மூளையில் அபாயத்தைக் கண்டு எச்சரிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, "பொறு, இது ஆபத்தில்லை" என்று அதை அடக்கிவைக்கும். எல்லைக்கோட்டுக் கோளாறு உள்ள பலரிடம் அமிக்டலா அளவுக்கு மீறித் தூண்டப்படுவதையும், முன்மூளையின் பிடி தளர்ந்திருப்பதையும் மூளைப் பட ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டுக் கூரையில் பொருத்திய தீ எச்சரிக்கை மணி, வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகைக்கும் அலறினால் எப்படி இருக்கும்? மணி பொய் சொல்வதில்லை. அதன் நுண்ணுணர்வு அவ்வளவு கூர்மை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்ஷா லினஹன், இவர்களைத் தீக்காயம் பட்டு மேல்தோல் போனவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார். மற்றவர்களுக்குத் தடவிக் கொடுப்பதாகத் தெரியும் தொடுகை இவர்களுக்கு எரியும். இந்த அம்மையாருக்கு அந்த வலி புத்தகத்தில் படித்ததல்ல. இளம் வயதில் தாமே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்ததை 2011-ல் அவர் பகிரங்கமாகச் சொன்னார்.

இந்த நிலை எப்படி உருவாகிறது என்பதற்கு லினஹன் தரும் விளக்கத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, பிறவியிலேயே உணர்ச்சி மிகுந்த குழந்தை. மற்றொன்று, அந்தக் குழந்தையின் உணர்ச்சியை மதிக்காத சூழல். "இதுக்கெல்லாமா அழுவாங்க?", "வாயை மூடு", "ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது" என்றே கேட்டு வளரும் பிள்ளை, தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் அதை ஆற்றிக்கொள்ளவும் கற்றுக்கொள்வதில்லை. மெதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, உரக்கக் கத்தினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கற்றுக்கொள்கிறது. அடி, உதை, பாலியல் கொடுமை போன்றவை சிறுவயதில் நடந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. ஆனால் பாசமான வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் இது வருவதுண்டு. எனவே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தவறு.

தொல்லையே தொல்லையைப் பெறும்

இந்தக் கோளாறின் மிகக் கொடிய பகுதி அதன் சுழல். கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஒருவர் தம் துணைவருக்கு ஒரு மணி நேரத்தில் இருபது முறை அழைக்கிறார். கூட்டத்தில் இருக்கும் அவர் எரிச்சலடைந்து கைத்தொலைபேசியை அணைத்துவிடுகிறார். "பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான்" என்று இவரது மனம் தீர்ப்பு எழுதுகிறது. இரவில் பெரிய சண்டை. சில மாதங்களில் உண்மையிலேயே அவர் விலகிப்போகிறார். எதற்குப் பயந்தாரோ அதையே அந்தப் பயம் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

தாங்க முடியாத உணர்ச்சியை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்ற தவிப்பில் சிலர் குடிக்கிறார்கள், சிலர் கண்மூடித்தனமாகச் செலவு செய்கிறார்கள், சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்கிறார்கள். இதைக் காணும் குடும்பத்தினர் "மிரட்டுகிறாள்" என்று சொல்லிவிடுவதுண்டு. பெரும்பாலும் அது வலியை அடக்கத் தெரியாதவரின் வழி. அதைப் பொய் மிரட்டல் என்று ஒதுக்குவது ஆபத்தானது. இந்தக் கோளாறு உள்ளவர்களிடையே தற்கொலை ஆபத்து பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம்.

வீட்டில் என்ன பேசுவது?

ஓர் உதாரணம். மகள் அழுதுகொண்டே வருகிறாள். "அம்மா, ரெண்டு மணி நேரமா மெசேஜ் போட்டும் பதிலே இல்லம்மா. என்னை வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க." பெரும்பாலான தாய்மார்கள் சொல்லும் பதில்: "இதுக்குப் போயா அழுவே? உன் வயசுல நான் ரெண்டு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போனேன்." அம்மா ஆறுதலாகத்தான் சொல்கிறார். மகளின் காதில் விழுவதோ, "உன் வலி பொய்" என்பது.

வேறு விதமாகவும் சொல்லலாம். "ரெண்டு மணி நேரமா பதில் வரலைன்னா மனசு தவிக்கத்தாம்மா செய்யும். வா, முதல்ல தண்ணி குடி. அப்புறமா என்னன்னு பார்ப்போம்." இதில் அவளுடைய முடிவை அம்மா ஏற்கவில்லை. உணர்ச்சியை மட்டும் ஏற்றுக்கொள்கிறார். புத்திமதி சொல்லவும் இன்னும் இடம் இருக்கிறது. கொதிப்பு அடங்கிய பிறகு சொன்னால் அது காதில் ஏறும்.

உணர்ச்சியை மதிப்பது என்றால் எல்லாவற்றுக்கும் பணிந்துபோவது என்று பொருளில்லை. பொருள்களை வீசினாலோ தகாத வார்த்தை பேசினாலோ, "இப்ப ரெண்டு பேருக்கும் கோபம். அரை மணி நேரம் கழிச்சு வரேன், பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சொன்னபடி அரை மணி நேரத்தில் திரும்பி வரவேண்டும். கைவிடப்படுவோம் என்று அஞ்சும் மனத்திற்கு, வாக்குத் தவறாமல் திரும்பி வருபவர்தான் மருந்து.

குணமாகுமா?

ஒரு காலத்தில் இது தீராத நோய் என்று மருத்துவர்களே கைகழுவினார்கள். இன்று நிலைமை வேறு. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரீனி தலைமையிலான குழு, 1992 முதல் எல்லைக்கோட்டுக் கோளாறு உள்ள 290 பேரைத் தொடர்ந்து கவனித்து வந்தது. 2010-ல் வெளியான பத்தாண்டு முடிவுகளின்படி, அவர்களில் 93 விழுக்காட்டினருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோயின் அறிகுறிகள் தணிந்திருந்தன. வேலையும் நல்ல உறவும் சேர்ந்த முழு மீட்சியைப் பெற்றவர்கள் பாதிப் பேர். அறிகுறி தணிவது ஒன்று, வாழ்க்கையைக் கட்டி எழுப்புவது இன்னொன்று என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது.

லினஹன் உருவாக்கிய பேச்சு சிகிச்சை இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. தன்னை அப்படியே ஏற்றுக்கொள்வது, அதே நேரத்தில் தன்னை மாற்றிக்கொள்வது என்ற இரண்டையும் அது சேர்த்துக் கற்பிக்கிறது. வாரம் ஒருமுறை தனிச் சந்திப்பும், உணர்ச்சியைக் கையாளும் திறன்களைக் கற்பிக்கும் குழு வகுப்பும் அதில் உண்டு. பொதுவாக ஓராண்டு நீடிக்கும். 1991-ல் வெளியான அதன் முதல் பெரிய சோதனையிலேயே தங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் செயல்கள் குறைந்தன. எல்லைக்கோட்டுக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றிற்கு மருத்துவர் மருந்து தரலாம்.

இந்தச் சிகிச்சையில் கற்பிக்கும் சில வழிகள் யாருக்கும் பயன்படும்:

உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்பதைவிட, "இது பயம்", "இது அவமானம்" என்று சொல்லிப் பார்ப்பதே அதன் வேகத்தைக் குறைக்கும்.

குளிர்ந்த நீரில் முகத்தை நனையுங்கள். குளிர்ந்த நீர் முகத்தில் படும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறைகிறது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் நடந்ததை எழுதுங்கள்: "பதில் வரவில்லை." மறு பக்கம் மனம் சொன்னதை எழுதுங்கள்: "என்னை வெறுக்கிறார்." இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்கே தெரியும்.

உணர்ச்சி தள்ளும் திசைக்கு எதிரே ஓர் அடி வையுங்கள். ஓடி ஒளியத் தோன்றினால் அந்தச் சந்திப்புக்குப் போங்கள். கத்தத் தோன்றினால் குரலைத் தாழ்த்துங்கள்.

தூக்கத்தையும் சாப்பாட்டையும் தவறவிடாதீர்கள். பட்டினியும் தூக்கமின்மையும் எந்த மனத்தையும் எளிதில் பற்றவைக்கும்.

நேயர்களின் மனத்தில் எழும் கேள்விகள்

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. நெருங்கிய உறவில்தான் இந்தக் கோளாறு மிக அதிகமாகத் தூண்டப்படுகிறது. சிகிச்சை தராமல், விஷயத்தையும் மறைத்துத் திருமணம் முடிப்பது இரண்டு குடும்பங்களுக்கும் செய்யும் அநியாயம். சிகிச்சை பெற்றவர்கள் நல்ல இல்லறம் நடத்த முடியும்.

இது பரம்பரை நோயா?

சுவீடனில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எல்லைக்கோட்டுக் கோளாறில் மரபின் பங்கு சுமார் 46 விழுக்காடு என்று தெரிந்தது. மீதி, ஒவ்வொருவரும் சந்தித்த சூழலைச் சார்ந்தது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்பதில்லை.

இருதுருவ மனநோயும் இதுவும் ஒன்றா?

இல்லை. இருதுருவ மனநோயில் உற்சாகமோ சோர்வோ நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். எல்லைக்கோட்டு வகையில் மனநிலை மணிக்கணக்கில் மாறும், பெரும்பாலும் யாரோ சொன்ன சொல்லோ செய்த செயலோ அதைத் தூண்டியிருக்கும். இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

கணவர் கோபத்தில் அடிக்கிறார். இது ஆளுமைக் கோளாறா?

அடிப்பவர்கள் எல்லாரும் நோயாளிகள் அல்லர், நோயாளிகள் எல்லாரும் அடிப்பவர்களும் அல்லர். காரணம் எதுவானாலும் அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதில்லை. முதலில் உங்கள் பாதுகாப்பு, பிறகுதான் அவருடைய சிகிச்சை. மலேசியாவில் தாலியான் காசே 15999, சிங்கப்பூரில் தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண் 1800-777-0000 இதற்கென்றே இருக்கின்றன.

எங்கே போவது?

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்ற கேலிப் பேச்சு இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1911-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் செய்துவிட்டோம். ஆளுமைக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை பெறலாம்.

மலேசியாவில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களும் உள்ளன. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம், அல்லது மனநலக் கழகத்தின் 6389 2222 என்ற எண்ணை அழைக்கலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நொடியும் காத்திருக்க வேண்டாம். மலேசியாவில் ஹீல் 15555 அல்லது பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சிங்கப்பூரில் சமாரிட்டன்ஸ் 1767 ஆகிய எண்களை அழைக்கலாம். "போலீசில் பிடித்துப் போய்விடுவார்களோ" என்று அஞ்சி மறைத்த காலமும் இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020 ஜனவரியிலும் மலேசியாவில் 2023 செப்டம்பரிலும் நீக்கப்பட்டுவிட்டது. தயங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு மருமகளுக்கோ மைத்துனருக்கோ அலுவலகத் தோழருக்கோ "உனக்கு ஆளுமைக் கோளாறு" என்று பெயர் சூட்டிவிடாதீர்கள். நோயைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்கிறார். குடும்பத்தார் செய்ய வேண்டியது அதற்கு முந்திய வேலை. வீட்டில் யாராவது அடிக்கடி நொறுங்கிப்போவதைக் கண்டால், "உனக்கு என்ன கொழுப்பு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உனக்கு எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகலாம், பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கேளுங்கள்.